கெண்டை பிடிக்க ஒரு நாற்காலி

ஏரியில் கெண்டை பிடிக்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது தூண்டில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, நாற்காலி. அதிலும் எப்படிப்பட்ட நாற்காலி என்று தெரிந்துகொள்வதற்குள் நான் ஒரு தடவை சேற்றில் மல்லாந்து விழுந்து, என் மேல் இன்னொருவரும் விழுந்து, கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று மேய்ச்சலை நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்து பார்க்கும்படி ஆயிற்று. எருமைக்கே வேடிக்கையாகிவிட்டவன் மீன்பிடிச் சாமான்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொத்தேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்கு ஸ்பைரல் போட்டுக் கொடுப்பது என் தொழில். தண்ணீரோடு எனக்குள்ள உறவு, மழைக்காலத்தில் கடைக்குள் புகும் தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு பக்கத்துக் கடைக்காரர் பார்க்காதபோது வெளியே ஊற்றுவதோடு சரி. மீன் பிடிக்கிறவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது அவர் ஊர். சிறுசேரிக்குப் போகும் ஐடி பிள்ளைகளுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேனில் ரேடியோ கிடையாது. மச்சான் வாய் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று யாரும் மாட்டவில்லை. ஏறும்போது தூங்கிக்கொண்டே ஏறுகிற பிள்ளைகள் கேளம்பாக்கம் வருவதற்குள் சிரித்துச் சிரித்து விழித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் மச்சானோடு படித்தவர். வலை போடாதே, தூண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. நானும் கூடப் போவேன். என் பங்கு, வழியில் டீக்கடையில் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

"இன்னா மாப்ள, தூண்டில்ல மாவு மாட்டுன்னா நீ வாய்ல பஜ்ஜி மாட்டிகினு கீற?"

"மீன் கடிக்கிற வரைக்கும் நான் கடிச்சிகினு இருக்கேன், மச்சான். யாராச்சும் ஒருத்தர் கடிக்கணும்ல."

"நீ கடிக்கிற வேகத்தப் பாத்து ஏரில கீற மீனுல்லாம் பயந்துகினு கீது."

இப்படியே வெயில் ஏறும் வரை போகும். மீன் பிடிப்பவர்கள் பேசக்கூடாது என்பார்கள். மச்சான் பேசிக்கொண்டே பிடித்தார். அவர் பேச்சைக் கேட்கத்தான் கெண்டைகள் கரைக்கு வருகின்றன என்று நான் சொல்வேன்.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. மெல்ல மெல்ல வலது கால் வந்தது. கைத்தடி ஊன்றி நடந்தார். வலது கை வரவில்லை. தோள் அசையும், முழங்கை மடங்கும், ஆனால் விரல்கள் மூடியபடி அப்படியே நின்றுவிட்டன. பேச்சில் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்.

"இன்னா."

கேட்பதெல்லாம் அவருக்குப் புரியும், சொல்லத்தான் வார்த்தை வராது, சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்றார் டாக்டர். எங்கள் பக்கத்து மனிதனுக்கு வேறு எந்தச் சொல் தங்கும் என்று நான் வெளியில் வந்து சிரித்தேன். சிரித்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். தண்ணீர் வேண்டும் என்றாலும் இன்னா, வேண்டாம் என்றாலும் இன்னா, வலிக்கிறது என்றாலும் இன்னா. குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு அது இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. எனக்கு இன்றும் பாதிதான் பிடிபடுகிறது.

படுக்கையில் கிடந்த மாதங்களில் படுக்கை நனையாமல் இருக்க அவருக்கு அடியில் ஒரு சிவப்பு ரப்பர் ஷீட் விரித்திருந்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்களே, அதுதான். அக்கா காலையில் அதைக் கழுவிக் கொல்லைப்புறத்துக் கொடியில் போட்டு, அதன் மேல் தன் புடவை ஒன்றை விரித்து மூடிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அங்கே புடவை காய்வதுதான் தெரியும். மச்சான் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நடக்க ஆரம்பித்த பிறகு அது தேவைப்படவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

நடக்க ஆரம்பித்த புதிதில் டீக்கடை வரைக்கும் போய் வந்தார். ஒருநாள் அங்கே அவர் வேனில் முன்பு வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் இவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். நல்ல பையன். இவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுவது போலச் சத்தமாக, குழந்தையிடம் பேசுவது போல எழுத்தெழுத்தாக, "அண்ணா... சாப்... பிட்... டீங்களா?" என்று கேட்டான். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதோடு வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர் இப்படி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் வந்த காலும் போய்விடும். வெளியே, மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும். நான் சொல்லிக் கேட்கமாட்டேன் என்கிறார், நீங்கள் யாராவது பாருங்கள்.

அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அவர எங்கனா இட்டுகினு போப்பா. கோயிலுக்கு வேணாம், கல்யாணம் காட்சி வேணாம். மனுஷங்க இல்லாத எடமா பாரு. ஏரிக்காச்சும் இட்டுகினு போ."

"ஏரிக்கு நான் போய் இன்னாக்கா பண்றது? எனக்குப் பஜ்ஜி துன்ன மட்டும்தான் தெரியும்."

"அதயாச்சும் அவரு பக்கத்துல குந்திகினு துன்னு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மச்சானின் தூண்டில், நூல், ஈயக்குண்டு, மாவு டப்பா எல்லாம் வேனின் பின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். வேனை விற்றபோது அவையும் சேர்ந்து அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருவரிடம் போய்விட்டன. ஆஸ்பத்திரி அலைச்சலில் யாருக்கும் அது தோன்றவில்லை. ஆக, மீன் பிடிக்கத் தெரிந்தவருக்கு வாய் இல்லை, வாய் இருக்கிற எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த லட்சணத்தில் சாமான் வாங்குகிற பொறுப்பு என் தலையில்.

நான் யோசித்தேன். மீன்பிடிச் சாமான் எங்கே கிடைக்கும்? மீன்பிடிக்கிறவர்கள் இருக்கிற இடத்தில். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கடற்கரையில். கிழக்கே போனால் கடல். இந்த அறிவுக்கூர்மையோடு ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்கு வண்டியை விட்டேன். வலை, கயிறு, மிதவை எல்லாம் தொங்குகிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் எடுத்துப் போட்ட தூண்டில் முள் ஒவ்வொன்றும் என் சுட்டுவிரல் நீளம். ஈயக்குண்டு கோழிமுட்டை அளவு.

"இன்னா மீனுக்கு?" என்று கேட்டார்.

"கெண்டை."

"எங்க, கடல்லயா?"

"இல்ல, ஏரில."

கடைவாசலில் உட்கார்ந்து கைவலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அண்ணாத்த, இந்த குண்ட ஏரில வுட்டா கெண்ட மாட்டாது. மண்டையில அடிபட்டு தானா மெதக்கும். நீ பொறுக்கிகினு போய்க்கினே இருக்கலாம், தூண்டில்கூட வேணாம்."

"சும்மா இருடா, வந்த கிராக்கிய தொரத்தாத," என்றார் கடைக்காரர்.

"பின்ன இன்னா நைனா? வஞ்சிரமும் சங்கராவும் தோ காலடில கெடக்குது. சேத்து வாட அடிக்கிற மீனுக்கு இம்மாந்தூரம் வந்துகீறாரு."

நான் கடலைப் பார்த்தேன். அதுவும் சிரிப்பது போலத்தான் இருந்தது. வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருக்கவே, அந்த முள்ளிலும் குண்டிலும் சிலதோடு, அந்த மனிதர் கட்டி முடித்திருந்த கைவலை ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். வட்டமான கம்பி வளையம், பின்னால் நீள மூங்கில் பிடி. "இதாச்சும் ரெண்டு எடத்துக்கும் ஆவும்," என்று மனமிரங்கிச் சொன்னார். அன்று நான் வாங்கியதில் உருப்படியானது அது ஒன்றுதான். முள்ளும் குண்டும் இப்போது கடையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகின்றன.

மற்றதை எல்லாம் போனில் பார்த்துப் பார்த்து ஆர்டர் போட்டேன். வெளிநாட்டில் கெண்டை பிடிக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஏரிக்கரையில் குடும்பம் நடத்துகிறார்கள். கூடாரம், கட்டில், அடுப்பு, தூண்டில் கம்பியை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்டு, மீன் கடித்தால் கூவுகிற எலக்ட்ரிக் பெட்டி, பிடித்த மீனைப் படுக்க வைக்க ஒரு மெத்தை. ஆமாம், மீனுக்கு மெத்தை. படுக்க வைத்து, முள்ளை எடுத்து, மருந்து தடவி, போட்டோ எடுத்து, மறுபடியும் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒருவன் பிடித்த கெண்டையைத் தண்ணீரில் விட்டால் அவனைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். மெத்தையைத் தவிர ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன்.

சாமான்களை மச்சானின் கட்டிலில் பரப்பினேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் இல்லாமல். திரும்பினார்.

முதலில் மடக்கு நாற்காலி. துணி போட்டது, கைப்பிடி கிடையாது. அவர் இடது கையால் அதை ஒரு அழுத்து அழுத்தினார். மடங்கிவிட்டது. "இன்னா?" என்றார். இதில் உட்கார்ந்தால் எப்படி எழுந்திருப்பேன் என்று அர்த்தம். எனக்கே புரிந்தது. நாற்காலியை ஓரமாக வைத்தேன்.

மூன்று கால் ஸ்டாண்டு. அதைப் பிரிப்பதற்கே இரண்டு கை வேண்டியிருந்தது. என் இரண்டு கையும் போதவில்லை. அதுவும் ஓரம் போயிற்று.

அடுத்தது கூவுகிற பெட்டி. பேட்டரி போட்டு, பெருமையாக, நூலை இழுத்துக் காட்டினேன். பீப், பீப், பீப் என்று அடித்தது. மச்சானின் முகம் மாறிவிட்டது. அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, அத நிறுத்து தம்பி," என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் அவர் தலைமாட்டில் இரவும் பகலும் அடித்துக்கொண்டிருந்த மெஷினின் சத்தம் அதுவேதான். வெளியே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நானும் அக்காவும் அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தோம். அதே சத்தத்தை நான் காசு கொடுத்து வாங்கி வந்து அவர் கட்டிலில் வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றினேன்.

அந்தப் பெட்டியையும் ஓரமாக வைத்தேன்.

கட்டிலில் மிச்சம் இருந்தது தூண்டில் கம்பியும் நூல் சுற்றுகிற ரீலும். எதையாவது செய்ய வேண்டுமே என்று ரீலின் கைப்பிடியைச் சுற்றினேன். திருப்பிச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது, கையோடு கழன்று வந்துவிட்டது. "போச்சு, அதையும் ஒடச்சிட்டேன்," என்றேன். மச்சான் அதை என் கையிலிருந்து வாங்கினார். ரீலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியை மறுபக்கத்தில் நுழைத்து, மெதுவாகத் திருகினார். வலதுபுறம் இருந்த கைப்பிடி இடதுபுறம் வந்துவிட்டது. இடது கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா?"

அந்த இன்னாவில் பழைய மச்சான் கொஞ்சம் இருந்தார்.

அதற்குப் பிறகு சாமான் தேர்ந்தெடுக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கைத்தடியால் சுட்டிக் காட்டுவார்; நான் எடுத்து வைப்பேன். அவர் தினமும் உட்காருகிற, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேர். குளியலறை வேலையில் மிஞ்சிய பிவிசி பைப் துண்டு. அதைச் சேரின் வலது கைப்பிடியோடு சேர்த்து நிறுத்தினால் தூண்டில் கம்பியை அதற்குள் செருகிவிடலாம். நான் என் தொழில் புத்தியில் அதை ஸ்பைரல் சுருளால் சுற்றிக் கட்டினேன். மச்சான் ஒரு இழு இழுத்தார், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி பிரிந்துவிட்டது. பிறகு கிளாம்ப் போட்டு முறுக்கினேன். கூவுகிற பெட்டிக்குப் பதிலாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் வாங்கிய, ஆட்டுக் கழுத்தில் கட்டுகிற சின்ன மணி ஒன்று. துணி கிளிப்பில் கோத்துக் கம்பி நுனியில் கவ்வ விட்டால் போதும். கைவலை. புண்ணாக்கும் தவிடும் பிசைய ஒரு பிளாஸ்டிக் பேசின்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தபோது, கைத்தடி கட்டிலுக்கு அடியில் போயிற்று. தட்டித் தட்டி அவர் வெளியே தள்ளியது அந்த ரப்பர் ஷீட். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வெளியே போவதென்றால் வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம் போல என்று எடுத்துக்கொண்டேன். மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஏரிக்கு இரண்டு வழி. தெரு வழியே போனால் டீக்கடையைத் தாண்ட வேண்டும். ஊருக்குப் பின்னால் மண்பாதை ஒன்று இருக்கிறது. சுற்று, ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை. மச்சான் வாசலில் நின்று மண்பாதைப் பக்கம் திரும்பினார். நான் சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தண்ணீர் ஓரத்தில் சேரைப் போட்டு, அவரை உட்கார வைத்து, மாவு உருண்டையைக் குத்தி வீசும் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போயிற்று. அப்புறம் சேர் மெல்லச் சாய ஆரம்பித்தது. பிளாஸ்டிக் சேரின் கால்கள் மெல்லியவை, ஏரிக்கரை மண் வெண்ணெய். வலது பக்கத்து இரண்டு கால்களும் உள்ளே போகப் போக, மச்சானால் அந்தக் கையை ஊன்ற முடியவில்லை. நான் ஓடிப் பிடித்தேன். பிடித்தவன் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். என் மேல் மச்சான், அவர் மேல் சேர், எங்களுக்கு மேல் அந்த எருமையின் பார்வை.

நான் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தூக்கி நிறுத்தியபோது என் கையைத் தட்டிவிட்டார். வீட்டுக்குத் திரும்புகிற வழி முழுக்க ஒரு இன்னாகூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிசியோ பெண்ணையும் திருப்பி அனுப்பிவிட்டதாக அக்கா சொன்னார். "அவ்ளோதான் தம்பி, வுட்டுடு," என்றார். அக்கா அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

கடைக்கு வந்தேன். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் பழைய கடைப் பலகை சாத்தி வைத்திருந்தது, நல்ல கெட்டியான பலகை. புதிதாக ஃப்ளெக்ஸ் போர்டு மாட்டியபோது கழற்றி வைத்தது. அதை இரண்டாக அறுத்து, சேரின் முன்னங்கால் இரண்டுக்கும் ஒரு துண்டு, பின்னங்கால் இரண்டுக்கும் ஒரு துண்டு என்று அடியில் வைத்து போல்ட் போட்டேன். சறுக்குப் பலகை வைத்த ராஜா சிம்மாசனம் மாதிரி இருந்தது. ஒரு துண்டில் 'கலர் பிரிண்ட்' என்றும் மறு துண்டில் 'பைண்டிங் செய்யப்படும்' என்றும் எழுத்து இருந்தது. பெயிண்ட் அடித்து மறைக்க நேரமில்லை.

மச்சான் அறைக்குள் அதைக் கொண்டுபோய் வைத்து, நானே அதில் ஏறி நின்று குதித்துக் காட்டினேன். அவர் திரும்பவில்லை. "மச்சான்," என்றேன், "நீ வரலன்னா நான் தனியா போய் குந்திகினு புடிக்கப் போறேன். ஊரே பாக்கும். உன் மாப்ள மானம் போறது உனக்குப் பரவாயில்லன்னா படுத்துக்க."

ரொம்ப நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "இன்னா," என்றார். களைப்பான இன்னா. ஆனால் கைத்தடியை எடுத்தார்.

மறுபடியும் மண்பாதை. மறுபடியும் தலையில் சேர். அந்தச் சேரில் எழுதியிருந்ததை வழியில் ஒரு ஆட்டுக்காரர் மட்டும் படித்தார். கரையில் போட்டு உட்கார்ந்தார் மச்சான். பலகை சேற்றில் ஓர் அங்குலம் அழுந்தி நின்றுவிட்டது. கம்பியைப் பைப்பில் செருகினேன். மணியைக் கவ்வ விட்டேன். வீசுவதை மட்டும் நான் செய்தேன். மூன்றாவது தடவையில்தான் தண்ணீரில் விழுந்தது, முதல் இரண்டும் கருவேல மரத்தில். அவர் கைத்தடியால் பையைத் தட்டினார். ரப்பர் ஷீட்டை எடுத்தேன். சேருக்கு இடப்பக்கம் தரையில் விரிக்கச் சொல்லிக் காட்டினார். அப்புறம் தண்ணீரைக் காட்டினார். நனைக்கச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசினில் மொண்டு ஊற்றினேன்.

பிறகு உட்கார்ந்திருந்தோம். நான் பஜ்ஜி வாங்கி வரவில்லை. டீக்கடை வழியில் இல்லையே.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. உலகத்தில் ஒரு மனிதன் மணிக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் அவனைப் பாவமாகப் பார்க்காத இடம் இது ஒன்றுதான். தூரத்து மதகில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பேசவில்லை. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் மூன்றாவது நான்காவது தூண்டில்காரர்கள், அவ்வளவுதான்.

மணி அடித்தது.

ஆடு தலையை உலுக்குவது போல ஒரு குலுக்கு. கம்பி வளைந்தது. மச்சான் இடது கையை ரீலில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். நூல் வந்தது, அப்புறம் ரீல் கரகரவென்று விட்டுக்கொடுத்தது, மறுபடியும் வந்தது. நான் கைவலையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"இன்னா!"

அதற்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. தொடாதே. நின்றுவிட்டேன். கைவலையை அவர் இடப்பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

சட்டைப் பொத்தானை அக்கா போடுகிறார். சோற்றை அக்கா பிசைந்து வைக்கிறார். முகச்சவரம் நான் செய்துவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மனிதன் தானாகத் தொடங்கித் தானாக முடித்த வேலை ஒன்றுகூட இல்லை. இந்த மீனை நான் தொட்டால் இதுவும் அந்தக் கணக்கில் போய்விடும், இவர் இனிமேல் சுவரைவிட்டுத் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான். ஸ்பைரல் போடுவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மீன் கரையருகே வந்துவிட்டது. மஞ்சளாக ஒரு பக்கம் புரண்டு தெரிந்தது. சிக்கல் அங்கேதான். ரீலைச் சுற்றுகிற கையும் அதுதான், வலையைப் பிடிக்க வேண்டிய கையும் அதுதான். கம்பியைப் பின்னால் சாய்த்தால்தான் மீன் வலைக்கு எட்டும். சாய்க்க யார் இருக்கிறார்கள்? என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, நான் வரட்டுமா என்று. விழுங்கினேன்.

மச்சான் சுற்றுவதை நிறுத்தினார். கம்பியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மடியில் கிடந்த வலது கையை, பக்கத்து வீட்டுச் சாமானைத் தூக்குவது போல இடது கையால் தூக்கி, முழங்கை மடிப்பைக் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் மாட்டினார். மூடிய விரல்களோடு மடங்கி நின்ற அந்தக் கை, கொக்கி மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டது. உடம்போடு பின்னால் சாய்ந்தார். கம்பி வந்தது. அதோடு மீனும் வந்தது. இடது கை வலையை எடுத்து அடியில் விட்டது. முதல் தடவை தப்பியது. இரண்டாவது தடவையும் தப்பியது. மூன்றாவது தடவை வலை கனத்தது.

கெண்டையை ஈர ரப்பர் ஷீட்டின் மேல் கொட்டினார். சேரிலிருந்து மெல்லச் சரிந்து பக்கத்தில் மண்டியிட்டார். ஷீட்டின் ஓரத்தை மீன் மேல் மடித்து, மூடிய வலது முஷ்டியை அதன் மேல் வைத்து அழுத்தினார். மீன் துள்ளவில்லை. இடது கையால் முள்ளைத் திருகி எடுத்தார். அந்தச் சிவப்பு ஷீட் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீடியோவில் பார்த்துச் சிரித்தேனே, மீனுக்கு மெத்தை. ஒற்றைக் கைக்காரன் வழவழக்கிற மீனை அடக்க என்ன வேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடியே அவர் யோசித்து வைத்திருக்கிறார். தான் மாதக்கணக்கில் எதன் மேல் கிடந்தாரோ அதையே எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியிருந்தது. எனக்கும் ஏதோ இறங்கியிருந்தது. "நல்லா கீது மச்சான்," என்றேன். வேறு நகைச்சுவை எதுவும் கைவசம் இல்லை.

மீனை ஷீட்டிலேயே சுருட்டி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். கைத்தடியை நான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் என் தோளைப் பிடிக்கவில்லை, தடி இல்லாமலே மெதுவாக நடந்தார். மண்பாதை பிரிகிற இடம் வந்தது. நான் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினேன். அவர் நேராக, தெருவுக்குப் போனார்.

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையன் பேசினது போலவே குனிந்து, "அண்ணாத்த... நல்லா... கீறியா?" என்று ஆரம்பித்தார். மச்சான் ஷீட்டைப் பெஞ்சில் போட்டுப் பிரித்தார். கெண்டை வாலை ஒரு தடவை அடித்தது.

"யாரு புடிச்சது, இவரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"எனக்கு பஜ்ஜிதான் புடிக்கத் தெரியும். ரெண்டு குடு."

மச்சான் இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினார். "இன்னா!"

கடைக்காரர் மீனைப் பார்த்தார், மச்சானின் வலது கையைப் பார்த்தார். அப்புறம் குரலை உயர்த்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. "யோவ், ரெண்டு கையும் இருந்தப்பவே நீ நெத்திலி சைஸ்லதானே புடிச்சிகினு வருவ? எங்கனா மார்க்கெட்ல வாங்கிகினு வந்து என்னாண்ட பிலிம் காட்றியா?"

நான் பயந்துபோய் மச்சானைப் பார்த்தேன். மச்சான் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. தோள் குலுங்கியது. சிரித்து முடித்து, டீயை இடது கையில் வாங்கிக் கடைசி வரைக்கும் குடித்தார்.

கை வரவில்லை. இனி வராது என்று டாக்டர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது சொல்லும் இன்னும் வரவில்லை. பிசியோ பெண் மறுபடியும் வருகிறார். ஏரிக்குப் போகிற தூரத்தையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு வழியாகவே போகிறோம், என் தலையில் 'கலர் பிரிண்ட், பைண்டிங் செய்யப்படும்' என்ற விளம்பரத்தோடு. அந்த ஊரிலிருந்து இதுவரை ஒரு கிராக்கிகூட வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா மீனை வாங்கி முகர்ந்து பார்த்து, "சேத்து வாட," என்றார், மூக்கைச் சுளித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ரப்பர் ஷீட்டைக் கழுவினார். வழக்கம்போலக் கொல்லைப்புறம் எடுத்துப் போனவரை மச்சான் கைத்தடியை நீட்டி நிறுத்தினார். அவரே வாங்கிக்கொண்டு போய் வாசல் காம்பவுண்டுச் சுவரில், தெருவைப் பார்த்தபடி, ஒற்றைக் கையால் உதறி விரித்தார். மேலே புடவை எதுவும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, மீன் நாற்றம் அடிக்கிறதே என்றார்.